செறிந்த கலவையும் வலுவிழந்த எஞ்சினும்

பெற்றோலை மிகுதியாக உண்ணும் எஞ்சின் மிகுந்த வலுவுடன் ஓடும் என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். காற்றுப் புக இடமின்றி விறகைத் திணித்த அடுப்பு எவ்வாறு புகையுமோ, அவ்வாறே அளவுக்கு மிஞ்சிய பெற்றோலைப் பெற்ற எஞ்சினும் புகையும்; வலுவைத் தராது. பின்குழாய் கரும்புகை கக்க, அக்சிலேற்றரை எத்துணை அழுத்தி மிதிப்பினும் வேகங்கொள்ளாது தளரும் மோட்டார் வண்டியின் நோயை ஆராய்ந்தறியும் முறையினைப் பழைய மொறிஸ் மைனர் ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகின்றேன். மாணவர்க்கு இது பாடமாகும். அத்தகைய வண்டியை இன்றும் விடாது வைத்திருக்கும் பழைய மாணவர்க்குப் பணமும் மிச்சமாகும்.

முதலிற் கலவையின் கணக்கைக் காண்போம். நிறையால் 1 பங்கு பெற்றோல் முற்றாகத் தகனமடைய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இதனைக் கனவளவிற் கூறின், 1 லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்றாகும். எஞ்சின் தன் உச்ச வலுவைத் தருவது இதிலுஞ் சற்றுச் செறிந்த கலவையில், அதாவது 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்னும் அளவில். செறிவு அதற்கு மேலும் மிகுமாயின் ஒட்சிசன் போதாமையாற் பெற்றோலின் ஒரு பகுதி முற்றாக எரியாது கரியாகவும் காபனோரொட்சைட்டாகவும் வெளியேறும். பின்னையது நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அடைத்த கராஜினுள் இத்தகைய எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கே இடராகும்.

எஞ்சினுக்கு நேரும் கேடும் சிறிதன்று. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எண்ணெயுடன் கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். முகர்ந்தால் பெற்றோல் மணக்கும். எண்ணெய் குறையவில்லையே என்று மகிழ்வோரும் உண்டு!

இனி, எங்கள் வண்டியின் கதைக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதொழிந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை அக்காலத்து வாழ்ந்தோர் மறவார். சிறிது பெற்றோல் ஊற்றி எஞ்சினைச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலின் காபுரேற்றரின் ஜெற் நட்டைக் கீழிறக்கிக் கலவையைச் செறிவாக்கியே என் தந்தையார் தம் மைனரை ஓட்டினார். 2002 இல் ஏ 9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது அந்நட்டு மேலேற்றப்பட்டது. புகை சிறிது குறைந்தது. வண்டியோ மணிக்கு 40 மைலை எட்ட மறுத்தது. ஒரு கராஜில் நட்டை மேலும் இரு சுற்றுத் திருகினர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது நின்றுவிடலாயிற்று; வேகத்திற் செல்லும்போது புகை முன்போலவே. மற்றொரு கராஜில் அந்நட்டையே பழையபடி இறக்கினர். இவ்வாறு ஓராண்டு கழிந்தது.

இத்திருகல் ஏன் பயன்படவில்லை என்பதை உணரக் காபுரேற்றரின் அமைப்பை அறிதல் வேண்டும். மைனரில் உள்ளது எஸ். யு. வகை. ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர் என்னும் ஆங்கிலேயர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. அவர் சப்பாத்து வணிகக் குடும்பத்தவர். முதற் காபுரேற்றர்களில் தோலினாலான துருத்தி இருந்தமைக்கு அதுவே காரணம் போலும்! பின்னர்த் துருத்தியின் இடத்தைப் பிஸ்ரன் பெற்றது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்ரன் மேலெழும். காற்றுச் செல்லும் வழி அகலும். பிஸ்ரனின் அடியில் நுனி மெலிந்த ஊசியொன்று ஜெற்றினுள் நிற்கும். பிஸ்ரன் எழுந்தால் ஊசியும் எழும். பெற்றோல் வரும் இடைவெளியும் அதற்கேற்பப் பெருகும். காற்றும் பெற்றோலும் ஒன்றையொன்று பிரியாது பெருகுவதே இதன் சிறப்பு.

அப்பிஸ்ரன் இடையிற் சிக்கி எழாதுவிடின் நேர்வது யாது? காற்றின் வழி குறுகியே நிற்கும். எஞ்சின் வலிந்து இழுக்கும்போது ஜெற்றின் மேலுள்ள அமுக்கம் மிகத் தாழ்ந்து, அக்குறுகிய காற்றுக்குப் பொருந்தாத அளவு பெற்றோல் உறிஞ்சப்படும். காற்றுக் குறைவால் வலுவும் இல்லை. பெற்றோல் மிகையாற் புகையும் உண்டு. ஒரே தடை இரு குறைகளையும் விளைவித்தது. நட்டைத் திருகுவதால் இத்தடை நீங்குமா?

அறியும் வழி மிக எளிது. எஞ்சினை நிறுத்திக் காற்று வடிகட்டியைக் கழற்றுக. பிஸ்ரனை விரலால் முழுவதும் உயர்த்தி விடுக. அது தடையின்றி விழுந்து ‘டிக்’ என்ற ஓசையுடன் அமர்தல் வேண்டும். எங்கள் வண்டியில் அது நடுவழியில் நின்றது; ஓசையே இல்லை. மேன்மூடியைக் கழற்றியபோது காரணம் புலனாயிற்று. பிஸ்ரனைச் சூழப் பிசின் போன்ற படிவு. அதன்மேல் யாரோ ஒருவர் அன்புடன் தடவிய கிறீஸ்! பிஸ்ரனின் பருத்த பகுதியில் எண்ணெய் தானும் இடலாகாது. அதன் தண்டிற்கு ஒரு துளி போதும். தணிப்பியினுள் ஊற்றுவதும் மெல்லிய எண்ணெயாதல் வேண்டும். தடித்த எண்ணெய் பிஸ்ரனின் எழுச்சியைத் தாமதிக்கச் செய்யும். படிவைப் பெற்றோல் தோய்ந்த துணியாற் துடைத்தோம். அரத்தாளால் தேய்த்தல் கூடாது. நுண்ணிய இடைவெளி பெரிதாகிவிடும். அருகில் தீக்குச்சியோ சுருட்டோ வேண்டாம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நட்டைத் தொடுவது இதன் பின்னரே. எஞ்சின் நன்கு சூடேறி மெதுவாக ஓடுகையிற் பிஸ்ரனை 1/32 அங்குலம் அளவே உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் கலவை செறிந்தது. உடனே தளர்ந்து நிற்க முற்பட்டால் ஐதானது. கணப்பொழுது சற்றே கூடி மீண்டால் சரியானது. நட்டின் ஒவ்வொரு முகமாக, மேனோக்கித் திருகினால் ஐதாகும். கீழ்நோக்கித் திருகினாற் செறியும்.

பிஸ்ரன் குற்றமற்றதாயின் வேறிடம் நாடுக. சோக் கம்பியைத் தள்ளிய பின்னும் ஜெற் கீழேயே தங்கிவிடுதல் மிகப் பொதுவானது. விரலால் மேலே தள்ளிப் பார்த்தாலே தெரியும். மிதவைக் கிண்ணத்தின் ஊசி வாயில் தேய்ந்திருந்தால் பெற்றோல் மட்டம் உயர்ந்து வழியும். மைனரின் பெற்றோற் பம்பி மின்னால் இயங்குவது. எஞ்சினை ஓட்டாது சாவியை மட்டும் திருப்பினால் சில முறை ‘டிக் டிக்’ என ஒலித்து அடங்கவேண்டும். அடங்காது ஒலிக்குமாயின் பெற்றோல் எங்கோ செல்கின்றது என்க. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால், துளைப்பட்டு உள்ளே பெற்றோல் புகுந்திருப்பின் அதன் ஓசை கேட்கும். நம் செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைத்தல் தனியே கூற வேண்டாதது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தலும் நன்று. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகை; பிசுபிசுத்த கருமையாயின் எண்ணெய் ஏறுகின்றது. ஆயினும் பொறி நலிந்த பிளக்கும் எரியாத பெற்றோலாற் கருகும். நான்கில் ஒன்று மட்டும் கருகியிருந்தால் காபுரேற்றரைக் குறைகூறல் தகாது, ஏனெனில் அஃது நான்கிற்கும் பொது. வலுக்குறைவு மட்டும் உண்டு, புகையில்லை எனின் பொறி விழும் நேரம், வால்வுகள், ஏன் இறுகிய பிரேக்கைக்கூடச் சோதித்தல் வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சில்லு மட்டும் சுடுகின்றதா எனத் தொட்டறியலாம்.

காபுரேற்றரற்ற இன்றைய வண்டிகளிலும் நோய் இதுவே. குளிர்நீரின் வெப்பத்தை உணரும் கருவி பழுதாகி எஞ்சின் இன்னுஞ் சூடேறவில்லை என்று தெரிவித்தால், கணினி சோக்கை இழுத்தாற்போற் பெற்றோலை மிகுதியாக விடும். ஒரு சிலிண்டரிற் பொறி தவறின் எரியாத ஒட்சிசன் பின்குழாயை அடைய, ஒட்சிசன் உணரி கலவை ஐதென மயங்கி மேலும் பெற்றோலைக் கேட்கும். சோதனைக் கருவி பி 0172 எனக் குறி காட்டலாம். கலவை செறிந்துள்ளது என்பதே அதன் பொருள்; செறிந்தமைக்குக் காரணத்தை அது சொல்லாது. அக்குறி கண்டவுடன் ஒட்சிசன் உணரியை மாற்றச் சொல்வது, நட்டைத் திருகிய அதே பழக்கமன்றோ!

எங்கள் மைனர் அன்று மாலையே 50 மைல் வேகத்தைத் தொட்டது. எண்ணெயை உடனே மாற்றினோம். எனினும் அமுக்கத்தை அளந்தபோது நான்கு சிலிண்டர்களும் குறைந்தே நின்றன. ஓராண்டுப் பெற்றோற் கழுவலில் வளையங்களும் சுவர்களும் தேய்ந்திருந்தன. மறு ஆண்டு எஞ்சினைக் கழற்றிச் சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்ரன்கள் இட நேர்ந்தது. முதல் நாளிலேயே ஒரு விரலால் அறிந்திருக்கக்கூடிய குற்றத்திற்குத் தந்தையார் தம் ஓய்வூதியத்தில் மூன்று மாதப் பணத்தைச் செலுத்தினார்.