தகப்பன் வீட்டைத் தேடினவர்கள்

(வேதபாடம்: எஸ்றா 2-ஆம் அதிகாரம்)



நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்த மாதப் பாடம் வருகிறது. "பாஸ்டர், எங்க தாத்தாவோட தாத்தா வழியில பிரிஞ்சுபோன சொந்தக்காரங்க எல்லாரையும் தேடிப் பிடிச்சு ஒரே இடத்துல கூட்டப் போறாங்க. முந்நூறு பேருக்கு மேல வருவாங்களாம். வம்ச அட்டவணை எழுதி அச்சடிக்கிறாங்க. ஆனா வம்ச வரலாறுகளைக் கவனிக்க வேண்டாம்னு பவுல் எழுதியிருக்காரே, விசுவாசி இதுக்குப் போகலாமா?"

போகலாம் என்று அங்கேயே சொல்லி அனுப்பினேன். ஏன் போகலாம், போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நின்ற நிலையில் பேசி முடிக்க முடியாது. ஆகவே வேதபுத்தகத்தை எடுத்து எஸ்றா 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலில் பவுலின் வார்த்தை. 1 தீமோத்தேயு 1:4, தீத்து 3:9 ஆகிய இரண்டு இடங்களிலும் வம்ச வரலாறு தனியாக வரவில்லை. கட்டுக்கதை, வாக்குவாதம், சண்டை இவைகளோடு சேர்ந்து வருகிறது. என் முன்னோர் பெரியவரா உன் முன்னோர் பெரியவரா என்று சபைக்குள் தர்க்கம் பண்ணுகிறதைத்தான் அவர் தள்ளுகிறார். தன் வம்சத்தை அவர் மறந்துவிடவில்லை. தான் பென்யமீன் கோத்திரத்தான் என்று இரண்டு தடவை எழுதுகிறார். பிலிப்பியர் 3-ல் அதை எடுத்து நஷ்டக் கணக்கில் போட்டுவிடுகிறார். ரோமர் 11:1-லோ, தேவன் தம்முடைய ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்துகிறார். வம்சம் ஒன்றுதான். பெருமைக்கு எடுத்தால் குப்பை. தள்ளப்பட்டவன் தள்ளப்படவில்லை என்று காட்ட எடுத்தால் சாட்சி.

இப்போது எஸ்றாவுக்கு வருவோம். கோரேஸ் ராஜா கி.மு. 538-ல் கட்டளை கொடுத்தபின் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் ஜாபிதா இது. மொத்தம் 42,360 பேர். வம்சம் வம்சமாக, ஊர் ஊராகப் பேர்கள் வருகின்றன. இடையிலே, 59-ஆம் வசனத்திலிருந்து, ஒரு கூட்டத்தார் வந்து நிற்கிறார்கள். தெலாயா, தொபியா, நெகோதா என்பவர்களின் புத்திரர் 652 பேர். தங்கள் தகப்பன் வீடு இன்னதென்று இவர்களால் காட்ட முடியவில்லை. சிறையிருப்பில் தலைமுறைகள் கழிந்துவிட்டன, காட்ட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறதா? இல்லை. காட்ட முடியாதவர்கள் என்ற பேரோடேயே ஜாபிதாவில் எழுதப்பட்டார்கள்.

அடுத்து ஆசாரியரில் மூன்று வீட்டார். அபாயா, கோஸ், பர்சிலாய் ஆகியோரின் சந்ததியார். பர்சிலாய் வீட்டாருக்கு என்ன சிக்கல் என்று பாருங்க. அவர்கள் முன்னோன் ஒருவன், தாவீதுக்கு உதவி செய்த கீலேயாத்தியனாகிய பர்சிலாயின் குமாரத்திகளில் ஒருத்தியை விவாகம்பண்ணி, மாமனார் வீட்டுப் பேரையே வைத்துக்கொண்டான். பேர் மாறினதால் தடம் அழிந்துபோயிற்று. அட்டவணையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்பும்வரை பொறுத்திருங்கள் என்றான் அதிபதி. "நீ வேண்டாம், போ" என்று சொல்லவில்லை, பொறு என்றான். சுமார் எண்பது வருஷம் கழித்து எஸ்றா 8:33-ல் மெரெமோத் என்கிற ஆசாரியன் ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்து வாங்குகிறான். நெகேமியா 3:4 அவனைக் கோசின் வம்சத்தான் என்கிறது. பொறுத்திருந்த அந்தக் கோஸ் வீட்டாரேதான் இவன் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொள்ளுகிறேன்.

இனி 65-ஆம் வசனம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர்களுடைய வேலைக்காரரும் வேலைக்காரிகளும் 7,337 பேர். ஒருவருக்கும் பேர் எழுதப்படவில்லை, தொகை மட்டும்தான். அதற்கடுத்த வசனத்தில் என்ன வருகிறது? குதிரைகள் 736, கோவேறு கழுதைகள் 245, ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720. பிரசங்கிமார் இந்த இடத்தைச் சீக்கிரமாகக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அந்த 7,337 பேருக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் பேரன் பேத்திகள் ஒருநாள் தகப்பன் வீட்டைத் தேட நினைத்தால் எங்கே போவார்கள்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. நம் காலத்திலே அப்படித் தேடினவர்கள் உண்டு. நான் வாசித்தவைகளில் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் பெல்ப்ஸ் என்கிற ஏரிக்கரையில் சோமர்செட் பிளேஸ் என்று ஒரு பெரிய தோட்டம் இருந்தது. 1786-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 80 பேரை அங்கே கப்பலில் கொண்டுவந்து, சதுப்பு நிலத்தில் 6 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்ட வைத்தார்கள். காய்ச்சலிலும் களைப்பிலும் பலர் மாண்டார்கள். ராத்திரியிலே அவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டுகளைப் பாடுவார்களாம். பாடப் பாட மனம் தாங்காமல், சொந்த ஊருக்கே புறப்பட்டுவிட்டவர்கள்போல மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்களாம். அந்தத் தோட்டத்தைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று இப்படிச் சொல்லுகிறது. சங்கீதம் 137-ஐ நாம் ராகம் போட்டுப் பாடுகிறோமே, பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களின் சங்கீதம், அதை இதோடு சேர்த்து ஒருமுறை வாசியுங்கள்.

1865 வரை, எண்பது வருஷ காலத்தில், எண்ணூறு பேருக்கு மேல் அங்கே அடிமைகளாய் இருந்தார்கள். அந்த நாட்டில் 1850-லும் 1860-லும் எடுத்த குடிக்கணக்கில் அடிமைகளுக்குத் தனி ஏடு போட்டார்கள். முதலாளியின் பேருக்குக் கீழே ஆணா பெண்ணா, வயது என்ன, நிறம் என்ன, அவ்வளவுதான். பேருக்கு இடமே கிடையாது. விடுதலைக்குப் பின் 1870-ல் எடுத்த கணக்கில்தான் எல்லாருக்கும் பேர் வந்தது. ஆகவே ஒரு கறுப்பின மனுஷன் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டு பின்னாலே போனால், 1870-ல் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வான்.

அந்தச் சுவரைத் தாண்டினவர் டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்டு என்கிற சகோதரி. 1977-ல் 'ரூட்ஸ்' என்கிற தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஓர் ஆப்பிரிக்க அடிமையின் வம்சக் கதை. (அதன் மூலநூலில் வந்த வம்சத் தொடர்ச்சி சரியில்லை என்று பிற்பாடு ஆராய்ச்சியாளர் குறை சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அதைப் பார்த்துவிட்டு அவருடைய மகள், நம்ம குடும்பம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. சமூகநலத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சுமார் பத்து வருஷம் தேடினார். கோர்ட்டுப் பத்திரங்களைப் புரட்டினார், முதலாளி குடும்பத்தார் வைத்திருந்த காகிதங்களைப் புரட்டினார். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? விற்பனைப் பத்திரங்கள்! ஆளை விற்கிறவன் வாங்குகிறவனுக்கு எழுதிக்கொடுக்கிற ரசீது. குடிக்கணக்கு எடுக்கிறவனுக்கு அடிமையின் பேர் தேவைப்படவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத் தேவைப்பட்டது. இன்னாள், அவள் பிள்ளைகள் இன்னின்னார் என்று அவன் எழுதி வாங்கினான். சரக்குக்கு எழுதின சீட்டு, இருநூறு வருஷத்துக்குப் பிறகு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காட்டுகிற சாட்சியாயிற்று. யோசேப்பின் சகோதரர் தீமையாக நினைத்ததைத் தேவன் நன்மையாக முடித்தார் என்று ஆதியாகமம் 50:20-ல் வாசிக்கிறோம். அந்த வசனத்தை இந்த இடத்தில் பயத்தோடேதான் எடுக்கிறேன். விற்றவன் செய்தது பாவம்தான். பேரர்கள் ஒன்றுகூடினார்கள் என்பதால் அது நியாயமாகிவிடாது.

1986 ஆகஸ்ட் 30-ந் தேதி அந்தச் சந்ததியாரை அதே தோட்டத்தில் ரெட்ஃபோர்டு கூட்டினார். 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்தறியாதவர்கள், ஒரே பாட்டியின் வழியில் வந்தவர்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். முதலாளியின் மாளிகை அப்படியே நின்றது. அடிமைகள் குடியிருந்த வீடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளி குடும்பத்தின் வம்சத்தாரும் வந்திருந்தார்கள். அந்தக் கைகுலுக்கல் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பிற்பாடு ரெட்ஃபோர்டு அந்த இடத்துக்கே நிர்வாகியானார். அடிமைகளின் வீடுகளும் பழைய மாதிரியில் திரும்பக் கட்டப்பட்டன.

நம்ம ஜனங்களுக்கும் இப்படி ஒரு காகிதம் உண்டு. 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்கிற கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி மதராஸ் வழியாய்ப் போனவர்கள். இவர்கள் அடிமைகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள். ஆனாலும் ஆளுக்கொரு நம்பர் போட்டார்கள். அந்தக் கப்பல் ஜாபிதாக்களில் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதினதால் ஊர்ப்பேர்கள் கோணல்மாணலாய் இருக்கும். இன்றைக்கும் அங்கேயுள்ள தமிழர் தங்கள் பாட்டன் ஊரைத் தேடிப் பிடிப்பது அந்த நம்பரை வைத்துத்தான்.

அந்த ஜாபிதாவில் சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். கிராமத்தையும் தகப்பன் பேரையும் தேடுகிறவனுக்கு உறவு கிடைக்கும். சாதிக் கட்டத்தை முதலில் தேடுகிறவனுக்கு, பவுல் தள்ளின அந்தச் சண்டைதான் கிடைக்கும். நம்ம ஊர்ப் பக்கத்தில் வம்ச அட்டவணை என்றாலே சம்பந்தம் பேசத்தான், யாரைச் சேர்க்கலாம் யாரைத் தள்ளலாம் என்று பார்க்கத்தான் என்று ஆகிவிட்டது. விசுவாசிகளின் வீட்டிலும் இது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தாயாருக்கும், இப்படிக் கூடுகைக்குப் போகிற மற்றவர்களுக்கும் நான் சொல்லுவது இதுதான். அச்சடித்த அட்டவணையைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் பேர் எங்கே என்று எல்லாரும் தேடுவார்கள், நீங்களும் தேடுங்கள், தப்பில்லை. பிறகு யாருடைய பேர் இல்லை என்று பாருங்கள். வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று விட்டுவிட்ட அத்தை இருப்பாள். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், எடுத்து வளர்த்த பிள்ளை, ஜெயிலுக்குப் போன சித்தப்பா, கட்டிக்கொடுத்ததோடு கோடு நின்றுபோன பெண்கள் இருப்பார்கள். வயதானவர்களிடம் மெதுவாய்க் கேட்டால் பேர் வரும். பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விவாகப் பதிவேட்டிலும் பாருங்கள், தாத்தாமார் பைபிளின் முதல் பக்கத்திலே பிறந்த தேதி எழுதிவைப்பார்களே, அதிலும் பாருங்கள். கிடைத்த பேரை அட்டவணையின் ஓரத்திலாவது பேனாவால் எழுதுங்கள். அவர்கள் உயிரோடிருந்தால் அடுத்த கூடுகைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

மத்தேயு 1-ல் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள், அதை நான் திரும்பச் சொல்லவில்லை. அதிகமாய்ப் பிரசங்கிக்கப்படாத இன்னொரு இடம் இருக்கிறது. 1 நாளாகமம் 2:34. யூதா கோத்திரத்திலே சேசான் என்று ஒருவன். அவனுக்குக் குமாரத்திகள்தான், குமாரர் இல்லை. அவன் வீட்டில் யர்கா என்கிற எகிப்தியன் ஒருவன் வேலைக்காரனாய் இருந்தான். எஸ்றா 2:65-ல் ஒரு எண்ணாகப் போயிருக்க வேண்டியவன். சேசான் தன் குமாரத்தியை அவனுக்கு விவாகம்பண்ணிக் கொடுத்தான். வேதம் அவன் பேரையும் எழுதி, அவன் எந்த தேசத்தான் என்பதையும் மறைக்காமல் எழுதிற்று. இந்த வாரம் வீட்டுக் கூட்டத்தில் அங்கேயிருந்து 41-ஆம் வசனம் வரை ஒருவர் சத்தமாய் வாசியுங்கள், மற்றவர்கள் விரல்விட்டு எண்ணுங்கள். யர்காவின் மகன் அத்தாயியில் தொடங்கி எலிஷாமா வரைக்கும் பதின்மூன்று தலைமுறை.