சோயாக் குளிகையும் தாய்மாரின் இதய நலமும்

அண்மையில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் உறவினர் இல்லமொன்றில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். 58 வயது நிறைந்த அவ்வில்லத்து அம்மையார், சோயாக் குளிகைகள் அடங்கிய புட்டி ஒன்றைக் காட்டி, "இதனை உட்கொண்டால் கொழுப்பு குறையும் என்றார்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாக இதனையே உண்கிறேன். சரிதானா?" என வினவினார். இவ்வினா நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடியதாகையால், விடையை இங்கு விளக்குகிறோம்.

மாதவிலக்கு நின்றபின் கொழுப்பு உயர்வது ஏன்? குருதியிலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ஈர்த்து அகற்றுதற்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு துணைபுரிகிறது. அச்சுரப்பு குறையவே, கெட்ட கொழுப்பு குருதியில் தேங்குகிறது. இறுதி மாதவிலக்கை ஒட்டிய ஓராண்டுக் காலத்திலேயே இவ்வுயர்வு தென்படத் தொடங்கும். உணவு மாறாதிருப்பினும் கொழுப்பு ஏறுவதன் காரணம் இதுவே.

சோயா மொச்சையிலுள்ள ஐசோஃப்ளேவோன் என்னும் பொருள், அமைப்பில் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்தது. எனவே, இழந்த சுரப்பின் பணியை அது செய்யும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1995ஆம் ஆண்டு 38 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், நாளொன்றுக்குச் சராசரி 47 கிராம் சோயாப் புரதம் உண்டோர்க்குக் கெட்ட கொழுப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்ததாக எழுதினர். 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதயத்திற்கு நலந்தரக்கூடும் என உணவுப் பொருள்களின் மேல் அச்சிட இசைவளித்தது.

பின்வந்த ஆய்வுகள் இந்நம்பிக்கையைத் தளர்த்தின. 2006இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 ஆய்வுகளை ஆராய்ந்து, குறைவு சுமார் 3 விழுக்காடே எனக் கண்டது. கெட்ட கொழுப்பு 160 மில்லிகிராம் உள்ளவர்க்கு இது 5 மில்லிகிராம் அளவே ஆகும். ஐசோஃப்ளேவோனைப் பிரித்துத் தந்தபோது அப்பயனும் காணப்படவில்லை. மாதவிலக்கு நின்ற 350 பெண்களைச் சுமார் மூன்றாண்டுகள் கண்காணித்த அமெரிக்க ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. சோயாப் புரதம் உண்டவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பதும், பால் புரதம் உண்டவர்களினும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 1999இல் அளித்த இசைவைத் திரும்பப் பெற அந்நாட்டு நிர்வாகமே 2017இல் முன்மொழிந்தது.

அவ்வாறாயின் சோயா பயனற்றதா? அன்று. இறைச்சிக்கும் கொழுப்பு மிக்க பாலுணவுக்கும் மாற்றாக உண்ணும்போது, அவற்றிலுள்ள கொழுப்பு விலகுகிறது. நார்ச்சத்தும் நல்ல எண்ணெயும் சேர்கின்றன. சோயா உணவின் நன்மையில் பெரும்பங்கு இவ்விலக்கலால் வருவது. குளிகையோ எதனையும் விலக்குவதில்லை. இறைச்சியை முன்னமே விலக்கிய நமக்கு, விலக்க எஞ்சியிருப்பவை மிகுதியான நெய், பாலேடு, வனஸ்பதி, எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகியன. அவற்றின் இடத்தில் சோயாவோ பிற பயறுகளோ வருதல் நன்று. மீல் மேக்கர் 50 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. சேர்வராயன் மலைவாழ் மக்கள் பயிரிட்டு வந்த சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றையும் அரிசிக்கு மாற்றாகக் கொள்ளலாம்.

மேலும் சில நினைவிற் கொள்க:

1. மருத்துவர் தந்த கொழுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. ஸ்டேட்டின் வகை மாத்திரை கெட்ட கொழுப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்க வல்லது.

2. தைராய்டு மாத்திரை உண்போர், அதனுடன் சேர்த்துச் சோயாவை உண்ணலாகாது. மாத்திரை உடலில் சேர்வதை அது குறைக்கும்.

3. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஐசோஃப்ளேவோன் குளிகையைத் தொடுதல் ஆகாது.

4. குளிகையின் உறை எதனால் ஆனது எனப் படித்தறிக. விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஜெலாட்டினால் ஆன உறைகள் பல உண்டு.

அம்மையாரின் புட்டியை நாம் கண்ணாடி அணிந்து படித்தபோது, அதன் சீட்டிலும் ஜெலாட்டின் என்றே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. உயிர்க்கு ஊறு செய்யாத உணவென்று நம்பி இரண்டு மாதம் உண்டதை எண்ணி அவர் கலங்கினார். அறியாது நேர்ந்ததற்கு வருந்துவதினும் இனி அறிந்து நடத்தலே மேல் எனத் தேற்றினோம். மறுநாட்காலை எம்முடனேயே மலையிறங்கிச் சேலம் வந்த அவர், தம் மருத்துவரைக் கண்டு, நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்கினார். இத்தகைய புட்டி தங்கள் இல்லத்திலும் இருப்பின், அதன் சீட்டை இன்றே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.