மங்கிய ஒளியை அளப்பது எப்படி?



1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்து சென்றது. நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில் 102 செ.மீ. தொலைநோக்கி வழியே கவனித்தவர்கள், அந்த விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். விமானத்தில் பறந்தபடி ஆராய்ந்த அமெரிக்கக் குழுவும் இத்தகைய மங்கல்களைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அந்த மங்கல் கருவியின் இரைச்சலில் மறைந்து போயிருந்தால்?

நம் லேபிலும் இதே சிக்கல் உண்டு. மங்கிய ஒளியில் போட்டோ டையோடு தரும் மின்னோட்டம் 1 நானோ ஆம்பியர் அளவே. ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டத்தில் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் 10 மில்லி வோல்ட் கிடைக்கும்.

நான் முதலில் 741 போட்டேன். மீட்டர் 0.8 வோல்ட் காட்டியது. வேலை செய்யுதுன்னு ரெக்கார்டு நோட்டிலும் எழுதிவிட்டேன். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் அப்பா பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுப்பவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர் ஒன்றுதான் கேட்டார்: "பூவைப் போடுறதுக்கு முந்தி வெறுந்தராசைப் பாத்தியாடா?"

மறுநாள் டையோடைக் கருப்புத் துணியால் மூடினேன். அப்போதும் அதே 0.8 வோல்ட்! 741-இன் உள்ளீடே சுமார் 80 நானோ ஆம்பியர் இழுக்கும். அதை 10 மெகா ஓமால் பெருக்கிப் பாருங்கள், 0.8 வோல்ட். நான் அளந்தது ஒளியை அல்ல, ஐ.சி.யை! ரெக்கார்டை அடித்துத் திருத்தினேன்.

பிறகு கற்றவை:

1. சிஏ3140 போன்ற ஐ.சி. போடுங்கள். அதன் உள்ளீட்டு மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர்தான்.

2. ரெசிஸ்டரை 100 மடங்காக்கினால் சிக்னலும் 100 மடங்காகும். ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலோ 10 மடங்குதான் கூடும். எனவே பெரிய ரெசிஸ்டரே நல்லது.

3. 10 மெகா ஓமுக்கு இணையாக 1000 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை குறையும்; கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் சிமிட்டலும் அடங்கும். ஆனால் வேகமாக மாறும் ஒளியை இதில் அளக்க முடியாது.

4. சர்க்யூட்டைத் தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை எர்த் செய்யுங்கள். போர்டில் ஃபிளக்ஸ் அழுக்கு இருந்தால் அதன் வழியே மின்னோட்டம் கசியும், நன்றாகத் துடையுங்கள்.

5. எல்லாவற்றுக்கும் முன், இருட்டில் ஒரு ரீடிங் எடுத்து எழுதுங்கள்.

ஐந்தாவது பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் பள்ளிக்கூடமே போகாத என் அப்பா.