ஒரு சன்னம் விமானத்தைப் பிளக்குமா?

பறக்கும் விமானத்துக்குள் துவக்கு வெடித்தால், சன்னம் போட்ட ஓட்டைவழியே காற்று பீறிட்டுப் போகும், ஆட்கள் வெளியே இழுபடுவார்கள், விமானமே பிளந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வில்லன் விமான யன்னல்வழியே இழுக்கப்பட்டுச் சாகிறான். அந்தக் காட்சி உலகமெங்கும் இந்த நம்பிக்கையைப் பரப்பியது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பயத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602 மன்னார்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். விமானத்தின் சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டன. இத்தனை வருடம் காத்திருந்த குடும்பங்களின் துயரத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த அன்டனோவ் விமானத்தை வீழ்த்தியது துவக்குச் சன்னம் அல்ல, விடுதலைப் புலிகள் ஏவிய ஏவுகணை என்றே விசாரணையாளர்கள் கூறினர். ஏவுகணையின் வெடிப்பு இறக்கையையும் இயந்திரத்தையும் கிழித்துப்போடும். கைத்துவக்கு செய்வது வேறு.

கணக்கைப் பாருங்கள். 35,000 அடி உயரத்தில் பறக்கும் ஜெட் விமானத்தின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சதுர சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். 9 மில்லிமீற்றர் சன்னம் போடும் ஓட்டையின் பரப்பு ஒரு சதுர சென்ரிமீற்றரைவிடக் குறைவு. ஆக, அந்த ஓட்டையில் அழுத்தும் விசை அரைக் கிலோகூட இல்லை; உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கலாம். அதோடு, விமானத்துக்குள் புதுக் காற்று ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. பழைய காற்றை வெளியேற்றவென்றே சன்ன ஓட்டையைவிடப் பல மடங்கு பெரிய வால்வு இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் அந்த வால்வு தானாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும்.

நடந்தவையும் இதைத்தான் சொல்கின்றன. 1970 செப்டம்பர் 6ஆம் திகதி எல் அல் 219இல் கடத்தல்காரரோடு நடந்த மோதலில் உள்ளேயே பல முறை சுடப்பட்டது. போயிங் 707 லண்டனில் பத்திரமாக இறங்கியது. 2008 மார்ச்சில் யூ.எஸ். எயார்வேய்ஸ் விமானமொன்றின் விமானியறையில் துவக்கு தவறுதலாக வெடித்து, சன்னம் உடற்சுவரைத் துளைத்து வெளியேறியது. விமானம் அப்போது தாழ்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எவருக்கும் காயமில்லை.

அதற்காகத் துவக்கு ஆபத்தற்றது என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1987 டிசம்பர் 7ஆம் திகதி பசிபிக் சவுத்வெஸ்ற் 1771இல் துவக்குடன் ஏறிய ஒருவன் விமானியறைக்குள் புகுந்து சுட்டான். 43 பேர் மாண்டார்கள். அங்கே கொன்றது ஓட்டை அல்ல. விமானத்தை ஓட்ட ஆளில்லாமற் போனதுதான்.

உண்மையில் அஞ்சவேண்டியது பெரிய திறப்புக்குத்தான். ஒரு யன்னல் முழுதாகக் கழன்றால் அங்கே அழுத்துவது ஏறக்குறைய அரைத் தொன். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ற் 1380இல் இயந்திரச் சிதறல் பட்டு யன்னல் உடைந்தபோது ஒரு பயணி இறந்தார். 1988 ஏப்ரல் 28ஆம் திகதி 24,000 அடியில் அலோஹா 243இன் கூரையில் ஐந்தரை மீற்றர் நீளம் பிய்ந்து போனது. நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். பட்டி கட்டியிருந்த பயணிகள் அனைவரும் உயிரோடு இறங்கினார்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களும் இருக்கையில் இருக்கும்வரை பட்டியைக் கழற்றவேண்டாம்.