துப்பாக்கியைச் சோதிப்பது யார்?

ஹூஸ்டன்

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுகிறேன். 400 டாலருக்குள் கையோடு வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி கிடைக்குமா, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கிடைக்கும். டெக்சஸில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் அந்த விலைக்கு ஐந்தாறு பிஸ்டலை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைப்பார்கள். ஆனால் வாங்குமுன் நீ கேட்க வேண்டியவற்றைக் கடைக்காரர் சொல்லித் தரமாட்டார். உன் அம்மாவோ ‘அதெல்லாம் உனக்கெதற்கு’ என்று பேச்சை முடித்துவிடுவாள். இரண்டுக்கும் நடுவே நின்று நான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், உனக்கு ஆகிவிட்டது. 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அந்த விவரங்களை வைத்து எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை, பெரும்பாலும் நீ கடையில் நிற்கும்போதே முடிந்துவிடும். கிரீன் கார்டு வந்துவிட்டதால் உனக்குத் தடை இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் இடம் தராது. உன்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தோழி எச்-1பியில்தானே இருக்கிறாள்? அவள் கைக்கு எட்டும் இடத்தில் உன் துப்பாக்கி கிடந்தால் நாளைக்குச் சிக்கல் அவளுக்கும் வரும். ‘எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கிவிடு’ என்று யாராவது கேட்டு, நீ உன் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அதுவும் குற்றம். நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்பார்கள். முகத்துக்கு நேராக மறுத்துவிடு.

இத்தனை சோதனையும் உனக்குத்தான். நீ வாங்கப்போகும் பொருளைச் சோதிக்க ஆள் இல்லை. குழந்தைத் தொட்டில், ரொட்டி சுடும் பெட்டி, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வரும். பழுது தெரிந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லலாம். அந்த ஆணையத்தை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டமே நிஜத் துப்பாக்கியை விலக்கிவைத்துவிட்டது. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் தாங்களாகச் சோதித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. டெக்சஸில் அப்படி ஏதும் இல்லை. எனவே, மலிவாக வாங்குகிறவர் தாமே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

மலிவுத் துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் வந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் சிறிய, மட்டரகக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை. அந்தச் சந்தில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிச் சில கம்பெனிகள் முளைத்தன: ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, லார்சின், டேவிஸ். எஃகுக்குப் பதில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துப் பிஸ்டல் செய்தார்கள். ‘ரிங் ஆஃப் ஃபயர்’ என்று அந்த வட்டாரத்துக்குப் பெயரே வந்துவிட்டது.

1994-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் நடந்தது இது. ஏழு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருக்க, பெரியவர் ஒருவர் பிரைக்கோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாடலில் சேஃப்டி போட்டிருக்கும்போது ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியாது. தோட்டாவை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விலக்கியே ஆக வேண்டும். விலக்கினார், வெடித்தது. பையனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. 2003-இல் நீதிமன்றம் கம்பெனித் தரப்புமீது சுமார் 2.4 கோடி டாலர் பொறுப்பைச் சுமத்தியது. கம்பெனி திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு தொழிற்சாலையின் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அந்தத் துப்பாக்கிகளை வாங்கி உருக்கிவிடப் பையன் தரப்பு முயன்று தோற்றது. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் அதை எடுத்து வேறு பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் அடகுக் கடைகளில் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கண்ணில் படும். தொடாதே.

அதற்காக விலை கூடினால் பத்திரம் என்றும் நினைத்துவிடாதே. சிக் சாவர் பி320 மலிவானது இல்லை; கீழே விழுந்தால் சில கோணங்களில் வெடிக்கிறது என்று தெரிந்து, 2017-இல் அந்தக் கம்பெனி விசைப் பகுதியை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பிரேசில் கம்பெனியான டாரஸ்மீதும் இதே புகார் வந்தது. துரத்தி ஓடிய காவலர் ஒருவரின் உறையிலிருந்து விழுந்த பிஸ்டல், சேஃப்டி போட்டிருந்தும் வெடித்ததில் தொடங்கிய வழக்கு, ஒன்பது பழைய மாடல்களைச் சேர்ந்த பத்து லட்சத்தை ஒட்டிய துப்பாக்கிகளுக்குச் சமரச ஏற்பாட்டில் முடிந்தது. டாரஸின் இன்றைய ஜி3சி வேறு வடிவமைப்பு. 300 டாலரை ஒட்டிய விலைக்குப் பலர் நம்பி வாங்குகிறார்கள். ஆகவே கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்காமல், நீ வாங்கும் மாடலின் பெயரோடு வழக்கோ திரும்பப் பெறும் அறிவிப்போ இருந்திருக்கிறதா என்று தேடிப் பார். பழையதாக இருந்தால் வரிசை எண்ணைக் கம்பெனிக்குச் சொல்லிக் கேள்.

அடுத்தது அளவு. கடையில் பெண் வந்து நின்றதும் மிகச் சிறியதாக ஒன்றை எடுத்து ‘இது உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்’ என்பார்கள். பெரும்பாலும் ஸ்மித் அண்டு வெசன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர், அல்லது ருகர் எல்சிபி போன்ற உள்ளங்கைப் பிஸ்டல். சிறியது எளிது என்று தோன்றும். சுட்டுப் பார்த்தால் நேர்மாறு. அந்த ரிவால்வரின் எடை சுமார் 400 கிராம். அதன் விசையை இழுக்கவோ ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ பலம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஒற்றை விரலால் இழுக்கும்போது குறி நிற்காது. எடை குறையக் குறைய உதையும் கூடும். ஐந்து குண்டு சுட்டதும் கை வலிக்கும், பெட்டியில் போட்டுவிடுவாய், அப்புறம் பயிற்சியே இருக்காது. தேர்ந்த கைக்கு ஏற்ற சாமானைப் புதிய கைக்கு விற்கும் வியாபாரம் அது.

உனக்கு நான் பார்ப்பது அரைக் கிலோவை ஒட்டிய எடையில் ஒரு 9 மி.மீ. பிஸ்டல். 2012-இல் வந்த ஸ்மித் அண்டு வெசன் ஷீல்டு இந்த அளவில் பெருவாரியாக விற்றது; புதிய மாடல்கள் வந்துவிட்டதால் பழையது பல இடங்களில் 300 டாலருக்குள் கிடைக்கிறது. ஸ்லைடை இழுக்கச் சிரமமாக இருந்தால் அதற்கென்றே இலகுவாகச் செய்த ஷீல்டு ஈஇசட் இருக்கிறது. ‘போலீஸ் ட்ரேட்-இன்’ என்று காவல்துறை திருப்பிக் கொடுத்த துப்பாக்கிகளும் மலிவு. வெளியே உறை உரசிய தடம் இருக்கும், உள்ளே அதிகம் தேய்ந்திருக்காது. அவற்றில் .40 காலிபர் நிறைய வரும். எஃப்பிஐ 9 மி.மீ.க்குத் திரும்பிய பின் பல துறைகள் .40-ஐக் கைவிட்டதே காரணம். துப்பாக்கி மலிவாக இருந்தாலும் தோட்டா விலையும் உதையும் அதில் கூடுதல். உனக்கு வேண்டாம்.

எதையும் சுட்டுப் பார்க்காமல் வாங்காதே. சுடுதளங்களில் துப்பாக்கி வாடகைக்குத் தருவார்கள். மூன்று, நான்கு மாடலை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி தோட்டா சுடு. ஸ்லைடை இழுத்துப் பூட்டக் கை வலு போதுமா, விசைக்கு விரல் இயல்பாக எட்டுகிறதா, பிடி மாற்றாமல் மேகசினைக் கழற்ற முடிகிறதா, இரண்டாவது குண்டுக்குக் குறி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார். வாங்கிய பிறகு, கையோடு எடுத்துச் செல்லும்முன் குறைந்தது 200 தோட்டா சுட வேண்டும். அதோடு நீ உண்மையில் வைத்துக்கொள்ளப்போகும் ஹாலோ பாயின்ட் தோட்டாவிலும் ஒரு பெட்டி. நடுவில் சிக்கினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கு.

இப்போது உன் அன்றாடத்துக்கு வருகிறேன். நீ பயப்படுவது எந்த நேரத்துக்கு என்று எனக்குத் தெரியும்: இரவு ஷிப்ட் முடிந்து, மருத்துவமனைக் கதவிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தின் நான்காவது மாடிவரை தனியாக நடக்கும் நேரம். ஆனால் உன் மருத்துவமனை ஊழியர்களைத் துப்பாக்கியோடு உள்ளே விடாது. பூட்டிய சொந்தக் காருக்குள் வைத்துவிட்டு வரலாம். வேலையிடத்து நிறுத்துமிடங்களில் முதலாளி அதைத் தடுக்கக் கூடாது என்று டெக்சஸில் 2011 முதல் சட்டம் இருக்கிறது. அப்படியானால் என்ன ஆகிறது? துப்பாக்கி காரில் இருக்கும், நீ கதவருகே இருப்பாய். எந்த நடைக்காக வாங்குகிறாயோ அந்த நடையில் அது உன்னிடம் இருக்காது. அந்த நடைக்கு நல்ல வழி காவலாளியைத் துணைக்குக் கூப்பிடுவது. பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் கேட்டால் அனுப்புவார்கள். கேட்கக் கூச்சப்படாதே. நர்ஸுகள் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

நாள் முழுவதும் ஆளில்லாமல் நிற்கும் காரில் துப்பாக்கி இருப்பது திருடனுக்கும் தெரியும். களவு போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான் போகிறது. கையுறைப் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன் என்பது போதாது. இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைக்கும் சிறு இரும்புப் பெட்டி வேண்டும்.

மற்ற நேரங்களில் எங்கே வைப்பாய்? உன் ஸ்க்ரப்ஸ் கால்சட்டையில் இருப்பது நாடா. உறையையும் அரைக் கிலோ எடையையும் அது தாங்காது. ‘கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்வாய். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை தள்ளுவண்டியில் இருந்தது. இரண்டு வயதுக் குழந்தை அதற்குள் கைவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். கைப்பை எப்போதும் உன் உடம்போடு இருப்பதில்லை. நாற்காலியில் மாட்டுவாய், தோழி மடியில் வைப்பாய், அக்கா பிள்ளைகள் மிட்டாய் தேடுவார்கள். வைத்துக்கொண்டால் உடம்போடு, விசையை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் உறையில், தடித்த பெல்ட்டில். அதற்கேற்ற உடையை நீ வாரத்தில் எத்தனை நாள் உடுத்துகிறாய் என்று எண்ணிப் பார்.

வீட்டில் இருக்கும்போது விரலால் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், தலையணைக்கடியில் அல்ல. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம், வைத்திராத பெண்களைப்போல் சுமார் 35 மடங்கு என்று கண்டது. இரவு வேலை, தூக்கமின்மை, வீட்டை விட்டு வந்த தனிமை எல்லாம் உனக்கும் உன் தோழிக்கும் உண்டு. எப்போதாவது மனம் கனத்துப்போனால், அந்தப் பெட்டியையும் சாவியையும் என்னிடம் கொண்டுவந்து கொடு. ஏன் என்று கேட்கமாட்டேன்.

இனிக் கணக்கு. துப்பாக்கிக்கு 300 டாலர், உறைக்கு 60, வீட்டுக்கும் காருக்குமாகப் பெட்டிகளுக்கு 120, வாடகைக்கும் முதல் 250 தோட்டாவுக்கும் 150, வகுப்புக்கும் உரிமத்துக்கும் 120 என்று தோராயமாக வைத்துக்கொள். ஏறக்குறைய 750. உன் 400 போதாது. போதாதபோது துப்பாக்கியை வாங்கிவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாரும் செய்வது. நீ திருப்பிப் போடு: முதலில் வகுப்பு, அடுத்து வாடகைத் துப்பாக்கி, பிறகு பெட்டி, கடைசியில் கடை.

வகுப்பு எதற்கு என்று கேட்பாய். 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்பது உண்மைதான். இருந்தும் 40 டாலர் கட்டி அந்த உரிமத்தை வாங்கு. அது இருந்தால் பல மாநிலங்களில் செல்லும்; பள்ளிக்கூடத்துக்கு 1,000 அடிக்குள் கைத்துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து உரிமம் தந்த மாநிலத்துக்குள் விலக்கும் கிடைக்கும். அதற்கான தேர்வில் 3, 7, 15 கஜத்திலிருந்து 50 தோட்டா சுட்டு, 250-க்கு 175 புள்ளி எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போது துப்பாக்கியை எடுக்கக் கூடாது, எந்தப் பலகை இருந்தால் உள்ளே போகக் கூடாது, சண்டையை எப்படித் தவிர்த்து நகர்வது என்று அங்கே சொல்லித் தருவார்கள்.

வகுப்பை முடித்து, வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகு ‘எனக்கு இது வேண்டாம்’ என்று உனக்குத் தோன்றினால், செலவழித்த 200 டாலரை நஷ்டம் என்று நினைக்காதே. மிச்சம் 550 டாலரும் ஒரு பெரிய பொறுப்பும் அதனால் உனக்கு மிஞ்சியிருக்கும். வேண்டும் என்றே தோன்றினால், சனிக்கிழமை காலையில் கூப்பிடு. கடைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா