பிடித்த கையும் விடுத்த கையும்

தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த ஆங்கிலக் கட்டுரையும் கிடைத்தன. ஆமைக்குஞ்சுகளைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு இடத்தில், வனத்துறையினர் குஞ்சுகளைக் கடலில் 'லிபரேட்' செய்தார்கள் என்று போட்டிருக்கிறாய். இலக்கணம் சரிதான். ஆனால் ஆங்கிலம் பழகியவர் படித்தால், குஞ்சுகளை யாரோ கொடுங்கோலன் அடைத்து வைத்திருந்தான், வனத்துறை படையோடு போய் மீட்டது என்று நினைத்துக்கொள்வார். அங்கே 'ரிலீஸ்' போதும்.

அகராதியில் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானே என்று கேட்கிறாய். ரிலீஸ், ஃப்ரீ, லிபரேட், எமன்சிபேட் என்று அடுக்கிக்கொண்டே போகும் பட்டியல்கள், பிடித்து வைத்திருந்தது யார், விட்டது யார் என்பதைச் சொல்வதில்லை. இந்தச் சொற்களைப் பிரிப்பது அதுதான். தமிழில் ஜெயிலிலிருந்து வருபவருக்கும் விடுதலை, தேசத்துக்கும் விடுதலை. அதனால் நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று உறைப்பதில்லை.

'ரிலீஸ்' என்ற சொல்லும் 'ரிலாக்ஸ்' என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. பிடியைத் தளர்த்துவதுதான் அடிப்படைப் பொருள். பெரும்பாலும் பிடித்தவரே விடுவார். அணையிலிருந்து தண்ணீர், கொட்டகைக்குப் படம், பொரிப்பகத்திலிருந்து ஆமைக்குஞ்சு, எல்லாம் ரிலீஸ்தான். முட்டையைக் காத்து வைத்திருந்ததும் வனத்துறை, குஞ்சைக் கடலில் விட்டதும் வனத்துறை. இந்தச் சொல்லில் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. விடப்பட்டவர் அப்புறம் நிம்மதியாக இருந்தாரா என்பதும் இதற்குள் அடங்காது.

பாரதியாரை எடுத்துக்கொள். 1908-லிருந்து பத்தாண்டுகள், அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம்ம ஊரில் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கால் வைத்ததும் கைது செய்தார்கள். கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். டிசம்பரில் வெளியே விட்டார்கள், நிபந்தனைகளோடு. அரசியலில் தலையிடக் கூடாது, திருநெல்வேலிப் பக்கம்தான் இருக்க வேண்டும். அந்தத் தடைகள் 1920-இல்தான் நீங்கின. 1918 டிசம்பரில் பாரதியார் ரிலீஸ் ஆனார் என்று எழுதலாம். ஃப்ரீ ஆனார் என்று எழுதினால் பொய்.

அரவிந்தர் கதை வேறு. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓர் ஆண்டு விசாரணைக் கைதியாக இருந்தவரை 1909 மே 6 அன்று நீதிமன்றம் குற்றமற்றவர் என்றது. அதற்கு 'அக்விட்'. வழக்கிலிருந்து அக்விட், சிறையிலிருந்து ரிலீஸ். அடுத்த ஏப்ரலில் அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். செய்தித்தாளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், தண்டனை முடிந்து வந்தவரும் நிரபராதியும் ஒன்றாகிவிடுவார்கள்.

'ஃப்ரீ' என்ற வினைச்சொல் எளியது. கட்டு நீங்கிவிட்டதா என்பதுதான் அதற்கு முக்கியம். அவிழ்த்தவர் யாராகவும் இருக்கலாம். துறைமுகத்தில் படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால், ஆள் குதித்து அறுத்து எடுப்பார்களே, அது ஃப்ரீ செய்வது. அங்கே லிபரேட் போட்டால் கேலிக்கூத்து. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு படகுகள் போக வழியில்லாமல் நிற்கும்போது தூர் வாருவதற்கு 'கிளியர்' என்ற சொல்தான். தூர் வாரச் சொல்லி நம்ம மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு மட்டும் எந்த மொழியிலும் முடிவு வரவில்லை.

'எமன்சிபேட்' சட்டத்தின் சொல். உள்ளே கையைக் குறிக்கும் லத்தீன் வேர் இருக்கிறது. பழைய ரோமாபுரியில் பிள்ளை அப்பாவின் கைப்பிடிக்குள் இருந்தான். சடங்கோடு, சட்டப்படி அந்தப் பிடியிலிருந்து அவனை வெளியேற்றுவதற்கு இந்தப் பெயர். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில், பதினெட்டு வயதுக்கு முன்பே ஒரு பிள்ளையைப் பெற்றோர் அதிகாரத்திலிருந்து விலக்குவதற்கு இன்றும் இதே சொல்தான். அடிமை ஒழிப்புக்கும் இதுவே பொருந்தும். பிரான்ஸ் 1848 ஏப்ரல் 27 அன்று தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரெயூனியன் தீவில் அந்த அறிவிப்பு டிசம்பர் 20 அன்று வந்தது. இப்போதும் அங்கே அது விடுமுறை நாள். ஆனால் அடிமைகள் போன பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். தாளில் ஒருவருக்கு எமன்சிபேஷன் கிடைத்த அதே தோட்டத்தில் இன்னொருவர் வந்து மாட்டிக்கொண்டார். அந்தச் சொல் சட்ட நிலையைச் சொல்லும். வயிற்றுப்பாட்டைச் சொல்லாது.

இனி 'லிபரேட்'. வெளியிலிருந்தோ கீழிருந்தோ ஒரு சக்தி வர வேண்டும், பிடித்திருந்தவன் தவறானவனாக இருக்க வேண்டும், அப்போதுதான் இந்தச் சொல் பொருந்தும். ஆகவே இதை எழுதுகிறவர் கட்சி சேர்ந்துவிடுகிறார். இதற்கு நம்ம ஊரைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 வரை இழுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி எல்லாம் முடிந்தது.

இந்த ஒரே நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர் பார். ஒப்பந்தத்தின் தலைப்பில் 'செஷன்' என்று இருக்கிறது: உரிமையாளன் தன் பொருளை விட்டுக்கொடுப்பது. (பள்ளிக்கூடச் செஷனுக்கு எழுத்து வேறு, குழப்பிக்கொள்ளாதே.) அதிகாரிகளின் கோப்பில் 'டிரான்ஸ்ஃபர்', கை மாறியது என்பதோடு சரி. இணைப்பு கேட்டுப் போராடியவர்களுக்கு 'மெர்ஜர்'. நவம்பர் 1 அன்று கொடியேற்றும்போது 'லிபரேஷன் டே'. கொடுத்தவர், எழுதி வைத்தவர், கேட்டவர், கொண்டாடுகிறவர் என்று ஆளுக்கொரு சொல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1940-லேயே, ஆளுநர் போன்வேன் காலத்தில், புதுச்சேரி ஜெனரல் டி கோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியரிடமிருந்து பாரீஸ் மீண்டதை பிரெஞ்சுக்காரர்கள் 'லிபெராசியோன்' என்று கொண்டாடினார்கள். பத்து ஆண்டு கழித்து நம்ம ஊரின் முறை வந்தபோது அவர்களுக்கு அந்தச் சொல் ஞாபகம் வரவில்லை.

அப்படியானால் நவம்பர் 1-க்கு லிபரேஷன் என்பது தவறா? அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த யானத்தில் 1954 ஜூனில் போராட்டக்காரர்களே நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள், அங்கே தயங்காமல் எழுதலாம். புதுச்சேரியில் கடைசிக் காட்சி வாக்கெடுப்பும் கையெழுத்தும்தான். ஆனால் கடைசிக் காட்சி மட்டும் கதையாகிவிடாது. 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளர்களில் 12 பேர் குண்டுக்குப் பலியானார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கிய வ. சுப்பையா அதற்கு முன்பே, 1934-இல், 'சுதந்திரம்' என்று பத்திரிகை நடத்தத் தொடங்கியிருந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் லிபரேஷன் என்று எழுதினால் அது நியாயமான சொல். தெரியாமல் எழுதினால் விழா அழைப்பிதழ்ச் சொல்.

என் தீர்ப்பு இதுதான்: நவம்பர் 1-க்கு லிபரேஷன், ஆகஸ்ட் 16-க்கு டிரான்ஸ்ஃபர். உனக்கு வேறு மாதிரி தோன்றினால் தாராளமாக மறுத்து எழுது, காரணத்தோடு. அதற்கு முன் விடுமுறையில் ஒரு நாள் வில்லியனூரைத் தாண்டி கீழூர் நினைவிடத்துக்குப் போய் வா. அப்பாவைக் கூட்டிப்போகச் சொல், நான் சொன்னேன் என்று.

அன்புடன்,
பெரியப்பா