டீ.என்.ஏயை வெட்டும் நொதியங்கள்

மாணவர்களே, நொதியம் ஒவ்வொன்றும் தனக்குரிய கீழ்ப்படை மீதே தொழிற்படும் எனச் சமிபாட்டுப் பாடத்தில் படித்தீர்கள். உமிழ்நீரிலுள்ள அமிலேசு மாப்பொருளை உடைக்கும், புரதத்தைத் தொடாது. டீ.என்.ஏயை உடைப்பதற்கும் நொதியங்கள் உண்டு. நாம் உண்ணும் மீனிலும் கீரையிலும் டீ.என்.ஏ இருக்கின்றதல்லவா? சதையச் சாற்றிலுள்ள டீ.என்.ஏயேசு சிறுகுடலில் அதனைப் பொடிப்பொடியாக்குகின்றது. எந்த இடத்தில் வெட்டுகின்றோம் என்று இது பெரிதாகப் பார்ப்பதில்லை.

பற்றீரியாக்களிலுள்ள ரெஸ்ரிக்சன் நொதியங்கள் அப்படியல்ல. ஈ.கோலை பற்றீரியாவிலிருந்து கிடைத்த ‘ஈகோ ஆர் வன்’, ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி என்ற மூல ஒழுங்கைக் கண்டால் மாத்திரமே, ஜி இற்கும் ஏ இற்கும் இடையில் வெட்டும். உட்புகும் வைரசின் டீ.என்.ஏயை அழிப்பதே இதன் வேலை. அப்படியாயின் பற்றீரியாவின் சொந்த டீ.என்.ஏ ஏன் வெட்டப்படுவதில்லை? அவ்விடங்களில் மெதைல் கூட்டங்களை இணைத்து அது தன்னைக் காத்துக்கொள்கின்றது. இந்நொதியங்கள் பற்றிய ஆய்வுக்காக ஆபர், நேதன்ஸ், சிமித் ஆகிய மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் நமக்கென்ன பயன்? கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு தாய், தன் பிள்ளையின் தகப்பன் இன்னார்தான் என்றார். அவரோ மறுத்தார். 1989 அளவில் இவ்வழக்கு ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங்கிடம் சென்றது. இவ்வகைச் சோதனையில் மூவரின் இரத்தத்திலிருந்தும் டீ.என்.ஏயைப் பிரித்து, ஒரே நொதியத்தால் வெட்டுவர். வெட்டுமிடங்களுக்கு இடைப்பட்ட நீளம் ஆளுக்காள் வேறுபடும். துண்டுகளை ஜெல்லில் இட்டு மின்னைச் செலுத்தினால், மறையேற்றமுள்ள டீ.என்.ஏ நேர்முனையை நோக்கி நகரும். சிறிய துண்டு கூடிய தூரம் செல்லும். பின்னர் அடையாளமிட்ட டீ.என்.ஏ துணுக்கொன்றைச் சேர்த்தால் பட்டைகள் தெரியும். பிள்ளையின் பட்டைகளுள் தாயிடம் இல்லாதவை தகப்பனிடம் இருந்தாக வேண்டும். தலச்சேரியில் அவை அம்மனிதரிடம் இருந்தன. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. டீ.என்.ஏயேசினால் வெட்டியிருந்தால் ஒப்பிடுவதற்கு ஒரு பட்டையும் எஞ்சியிராது.

(இன்று இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் குறித்த பகுதிகளைப் பிரதிசெய்தே ஒப்பிடுகின்றனர். எனினும் பரம்பரையலகை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவதற்கு இந்நொதியங்கள் இன்றும் பயன்படுகின்றன.)

மாதிரி வினா: நீள் டீ.என்.ஏ மூலக்கூறொன்றில் ஈகோ ஆர் வன் வெட்டும் இடங்கள் 3 உள்ளன. எத்தனை துண்டுகள் கிடைக்கும்? வட்டமான பிளாஸ்மிட்டாயின்?
விடை: 4, 3. வட்டத்தில் முதல் வெட்டு வளையத்தைத் திறக்க மாத்திரமே செய்யும்.